பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு குழி

"உங்க வீட்டுக்காரர் நட்ட நிழல் எங்க கொடியில வந்து விழுது, போட்ட துணி போட்டபடி ஈரமா நிக்குது, எங்க வீட்டுக்காரர் ஈர பனியனை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறார், இதுதான் உங்க பசுமையாக்கா?" என்று பிரமிளா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஆசிரியர் குடியிருப்பு முழுக்கச் சாதித்தாள்.

பிரமிளாவின் கணவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வாணையர். பெரிய பதவி, ஈர பனியன் போடக்கூடாத பதவிதான். ஆனால் நானும் சும்மா விடுகிறவள் இல்லை.

"நிழலை நான் மடிச்சு பீரோவுலயா வைக்க முடியும் பிரமிளா? ஆண்டு விழாவுக்கு உன் வீட்டுக்காரரும்தானே அந்தக் குழியில செடி நட்டு போட்டோ எடுத்துக்கிட்டார். அவரோட பங்கு நிழல் அவர் வீட்டைத் தேடி வந்திருக்குன்னு வச்சுக்கோ."

"ஊருக்கே வெயில் போச்சு, உங்க நாக்குல மட்டும் அப்படியே இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. துணி காயவில்லை என்பது உண்மை. நிழலை நட்டது என் கணவர்தான் என்பதும் உண்மை.

என் கணவர் தில்லைநாயகம் தாவரவியல் பேராசிரியர், அதோடு நிலைத்த வளர்ச்சி மையத்தின் இயக்குநர். பலகையில்தான் அந்தப் பெயர், எல்லோர் வாயிலும் அது கிரீன் கமிட்டி. கரிசல் காட்டின் நடுவே, சீமைக்கருவேலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கட்டிய பல்கலைக்கழகம் எங்களுடையது. அதில் காகிதத்தை இரண்டு பக்கமும் எழுத வைத்தது, விடுதிச் சாப்பாட்டு மிச்சத்தில் எரிவாயு எடுத்தது, நிர்வாகக் கட்டடத்து மொட்டை மாடி பூராவும் சோலார் தகடு பரப்பியது எல்லாம் இவர்தான், இவரும் நிலோஃபரும்தான். நிலோஃபர் மையத்தின் உதவி ஒருங்கிணைப்பாளர். தொகுப்பூதியம், வருஷா வருஷம் நீட்டிப்பு, கேட்ட வேலைக்கெல்லாம் சரி சார் என்கிற பெண். இவ்வளவும் செய்தவர்கள் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்த வழக்கத்தைச் சொன்னால்தான் நிழல் புரியும்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு யார் விருந்தினராக வந்தாலும் மரக்கன்று நடாமல் திரும்பிப் போக முடியாது. நடுவதற்கு ஒரே ஒரு குழிதான் உண்டு. நிர்வாகக் கட்டடத்துக்கு நேர் முன்னாலுள்ள அந்த இடத்தில் நின்றால்தான் விருந்தினரின் தலைக்கு மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் முழுசாகப் படத்தில் விழும். ஒரு எட்டு தள்ளி நின்றால் பெயரில் பாதி போய்விடும். அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு மரம் வளர்ந்துவிட்டால் பெயர் முழுக்கப் போய்விடும். அதனால் விருந்தினர் போன மறுநாள் காலை தோட்டக்காரர் வேலாண்டி அந்தக் கன்றை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்து நாற்றங்காலுக்குக் கொண்டுபோவார், அடுத்த விருந்தினர் வரும்போது அதையே கொண்டுவருவார். எப்போதும் அதே புங்கன் கன்று, இலை பளபளவென்று இருக்கும், படத்துக்கு நல்லது. விருந்தினர்கள் ஓர் இலையை விரல் நுனியால் தொடுவதோடு சரி. மண்டியிட்டுத் தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறவர் என் கணவர்தான், படங்களில் அவருடைய வலது கை மட்டும் இருக்கும். அமைச்சர் நட்டார், நீதிபதி நட்டார், கிரிக்கெட் ஆடுகிறவர் நட்டார், பட்டிமன்றத்தில் பேசுகிறவர் நட்டார். நட்டார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், பிடுங்கினார்கள். மறுபடி நட்டார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், பிடுங்கினார்கள். வளாகத்தில் நடப்பட்ட மரங்கள் என்று மையம் சொன்ன எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, கன்று மட்டும் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு காலை, அந்த வெறுங்குழியின் பக்கத்தில் ஒரு புங்க மரத்தின் நிழல் விழுந்து கிடந்தது. மரம் இல்லை. மேலே வானம், கீழே நிழல், கிளை கிளையாக, இலை இலையாக, காற்று வந்தால் அசைந்துகொண்டு, காற்று நின்றால் நின்றுகொண்டு. காவலாளி தன் நாற்காலியை இழுத்து அதற்குள் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. மதியத்துக்குள் நாய்கள் வந்தன, சாயங்காலத்துக்குள் ஸ்கூட்டர்கள் வந்தன, அந்த வாரத்துக்குள் கேன்டீன்காரர் ஜூஸ் கடை போட்டார், பொருளியல் துறைப் பையன்களுக்கும் வரலாற்றுத் துறைப் பையன்களுக்கும் யார் எங்கே உட்காருவது என்று கைகலப்பு வந்து, கிளைக்கு ஒரு துறை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இந்த வெயிலில் நிழல் கிடைத்தவன் அண்ணாந்து பார்ப்பானா?

நிலோஃபர் மட்டும் வெப்பமானியோடு போய் அளந்துவிட்டு வந்து, "உண்மையிலேயே குளிருது சார்" என்றாள். துணைவேந்தர் கேட்டு மகிழ்ந்தார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றணும், உரம் வைக்கணும், இலையைக் கூட்டணும், இதற்கு ஒன்றும் வேண்டாம், நிலைத்த வளர்ச்சி என்றால் இதுதானே என்று மேடையிலேயே சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு துறைக்குத் துறை நடுவிழா, மன்றத்துக்கு மன்றம் நடுவிழா, ஓய்வு பெறுகிறவர் நட்டார், வேலைக்குச் சேர்கிறவர் நட்டார். ஒவ்வொரு முறை நடும்போதும் நிழலின் மேல் ஒரு நிழல் வந்து விழுந்தது. நிழலின் மேல் நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த எவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், எங்கள் வளாகத்தில் முனைவர் பட்டம் வாங்காத ஆளே கிடையாது, யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் குளிர்ச்சி. பிறகு குளிர். பிறகு நிழல் நூலகத்தைத் தாண்டியது, விடுதியைத் தாண்டியது, சூரியன் எந்தப் பக்கம் போனாலும் தான் போகாமல் நின்ற இடத்திலேயே கறுத்துக் கறுத்து, பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. விளக்குப் போடலாம் என்றால் மொட்டை மாடியில் என் கணவர் பாடுபட்டுப் பரப்பிய சோலார் தகடுகள் முழுக்க அவர் நட்ட நிழலுக்குள்ளே கிடந்தன. ஆகவே டீசல் ஜெனரேட்டர் வந்தது. மார்கழியில் ஊருக்கு வந்து நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்துக்காரர்கள் எப்படியோ கேள்விப்பட்டுச் ஆடியிலேயே வந்து வாயிலில் கடை விரித்தார்கள், நல்ல வியாபாரம். விடைத்தாள்களில் பூஞ்சை பிடித்தது. பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளை பஸ்ஸில் டவுனுக்குத் தூக்கிப் போய் வெயில் காட்டிவிட்டு வந்தார்கள். பொறியாளர் பிரிவிலிருந்து ரம்பத்தோடு ஆட்கள் வந்து, நிழலைச் சுற்றிச் சுற்றி நடந்து, அறுக்க ஒன்றும் இல்லாமல் ஜூஸ் கடையில் இஞ்சி டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஜூஸ் கடை அப்போது டீக்கடையாகியிருந்தது. நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் இருந்திருந்தால் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து யார் செய்தது என்று கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை, எல்லோரும் பழகிக்கொண்டார்கள், எதற்கும் பழகிக்கொள்கிற ஜனம்.

நானும் பழகியிருப்பேன், துணியும் வடாமும் காயாததற்கு நாலு பேரைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன், அவருடைய கை மட்டும் இல்லையென்றால்.

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று, "சுகுணா, ரசம் ஆறிப்போச்சா?" என்று கேட்டார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கினேன், ஆவி பறந்துகொண்டிருக்கிறது. கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது, விரல்களிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், செடியைப் பிடித்த வலது கை. டாக்டர் ரத்த ஓட்டம் என்றார், மாத்திரை கொடுத்தார். நான் தவிட்டைச் சூடு பண்ணித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், தவிடுதான் குளிர்ந்தது. தமிழ்த்துறை நடுவிழாவுக்குப் பிறகு குளிர் முழங்கைக்கு ஏறியது. நூலகர் சங்கத்து நடுவிழாவுக்குப் பிறகு தோளுக்கு ஏறியது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் கொஞ்சம், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம். தோளிலிருந்து அடுத்து எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள நான் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

"இனிமே நீங்க அந்தச் செடியைப் பிடிக்கப் போறதில்ல" என்றேன்.

"யாரு பிடிப்பா? நிலோஃபரா?"

அந்தப் பெண்ணின் கையில் அந்தக் குளிர் ஏற வேண்டும் என்று நான் சொல்வேனா?

வழி என் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது, நான்தான் பார்க்காமல் இருந்தேன். இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் அடுப்படிக்குப் பின்னால் ஒரு நெல்லிக்கன்று வைத்தேன். விழா இல்லை, படம் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்து மரமாகிவிட்டது. குடியிருப்பு முழுவதையும் மூடிய அந்தக் கறுப்பு நிழல் என் நெல்லி மரத்தடிக்கு மட்டும் வரவில்லை. மரத்தின் சொந்த நிழல், பொடிப்பொடி இலையாக, பக்கத்திலேயே வட்டமாக வெயில். அந்த வெயிலின் விளிம்பில் பெரிய நிழல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிற ஆளைப் போல நின்றுவிட்டது. கண்டுபிடித்தது பிரமிளாதான். சண்டை போட்ட வாளியோடு பின்பக்கமாக வந்து, நெல்லிக் கிளையில் பனியனைக் காயப்போட்டாள். நான் ஒரு கிளிப் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் பதிவாளர் வீட்டுப் போர்வை வந்தது, அதற்கு மறுநாள் கணிதத்துறைத் தலைவரின் வேட்டி வந்தது, என் கொல்லை சலவைக்காரர் துறையாகிவிட்டது.

நிலோஃபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெயிலுக்குள் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கி வெயிலில் காட்டினாள்.

"மேடம், நிஜமான மரம் நின்னா அது உள்ள வர்றதில்ல."

"இத்தனை நிழலும் ஒரே செடியோட நிழல்தானே. அந்தச் செடியை நட்ட இடத்துலேயே விட்டா?"

"அதுக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு மறைஞ்சிடுமே மேடம்" என்றாள்.

துணைவேந்தரைப் பார்க்க நானே போனேன். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார், காபி சொன்னார், அறைக்குள் இரண்டு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. பேர் மறைஞ்சுபோச்சுன்னா வெளியில இருந்து வர்றவங்களுக்கு இது எந்தப் பல்கலைக்கழகம்னு எப்படித் தெரியும்?"

"பலகையைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார்."

அவர் சிரித்தார். நான் ஏதோ கோபுரத்தைத் தள்ளி வைக்கச் சொன்ன மாதிரி சிரித்தார். "நாட்டிலேயே சிறந்த பசுமை வளாகம்னு விருது அறிவிச்சிருக்காங்க, சார் சொல்லலியா? விருதுக் குழுத் தலைவரே டெல்லியில இருந்து நேர்ல வர்றார். இந்த நேரத்துல போய்..." என்றார். காபி ஆறியிருந்தது.

சார் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி, வலது கையை மடியில் ஒரு பையை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போய்ச் சொல்லுங்க. எல்லாம் ஒரே செடிதான்னு. நட்டதெல்லாம் பொய்ன்னு. சொல்லிட்டு, இதை இங்கேயே விடுங்கன்னு கேளுங்க."

"சொன்னா மையத்தை மூடிடுவாங்க."

"மூடட்டுமே."

"நிலோஃபர் வேலை போயிடும். அவங்க அத்தாவுக்கு வாராவாரம் டயாலிசிஸ் பண்றாங்க. எரிவாயுவை நிறுத்திடுவாங்க. தகட்டையெல்லாம் கழட்டிக் காயலான் கடைக்குப் போட்டுடுவாங்க. நான் நிஜமா செஞ்சதும் இதோட சேர்ந்து பொய்யாயிடும் சுகுணா."

"குளிர் கழுத்தெலும்புக்கு வந்திருச்சு. இன்னும் ஒரு தடவை பிடிச்சா நெஞ்சு."

"ஒரே ஒரு தடவைதானே" என்றார். குழந்தைக்கு ஊசி போடும்போது சொல்வார்களே, அந்த மாதிரி.

நான் அழுகிறவள் இல்லை. பாத்திரங்களை எடுத்துச் சத்தமாகக் கழுவினேன்.

விருது விழா காலை பதினோரு மணிக்கு. வெளியே நெடுஞ்சாலையில் தார் உருகுகிற வெயில். உள்ளே பந்தல் முழுக்கக் குழல்விளக்கு, அதற்குப் பின்னால் இரண்டு ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு பசுமை விருதுக்கு வெளிச்சம் கொடுத்தன. பேராசிரியர்கள் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள், வீட்டம்மாக்கள் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள், வரவேற்புப் பாடல் பாடிய பெண்களின் வாயிலிருந்து பாட்டோடு புகை வந்தது. டெல்லிக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டே, தென்னிந்தியாவில் இப்படியொரு தட்பவெப்பத்தை உருவாக்கியிருக்கிறீர்களே என்று வியந்து பேசினார். கைதட்டல். குழி வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அன்று மாலையே மாணவர் பேரவைத் தொடக்க விழாவும் இருந்ததால் வேலாண்டி மறுநாளுக்குக் காத்திராமல் தொட்டியோடு அங்கேயே ஓரமாக நின்றார்.

என் கணவர் மண்டியிட்டார். வலது கை தானாக எழவில்லை. இடது கையால் அதைத் தூக்கிக் கொண்டுபோய்த் தண்டில் வைத்துக்கொண்டார். டெல்லிக்காரர் கையுறையோடு ஓர் இலையைத் தொட்டார். மேலே பெயர், நடுவில் விருந்தினர், கீழே என் வீட்டுக்காரரின் கை. படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் பந்தலின் விளக்குகளெல்லாம் ஒரு படி மங்கின. டெல்லிக்காரர் எழுந்தார், துணைவேந்தர் எழுந்தார், இவர் எழவில்லை.

"சார், எழுந்திருங்க சார்" என்று வேலாண்டி தொட்டியைக் கீழே வைத்துக் குனிந்தார்.

இவர் எழவில்லை. இடது கையால் குழியோரத்து மண்ணை இழுத்து இழுத்துக் குழிக்குள் தள்ளினார், கன்றின் வேர்மேல், தண்டின் அடியைப் பிடித்திருந்த தன் வலது கையின்மேல், மணிக்கட்டு மறைகிற வரைக்கும். உதடு நீலமாக இருந்தது. "இது ஒரே செடிதான்" என்றார். மைக் இல்லை, அதனால் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. "எல்லாருக்கும் ஒரே செடியைத்தான் கொடுத்தேன். இனிமே எடுக்க விடமாட்டேன்."

துணைவேந்தர் புகைப்படக்காரருக்காக வைத்திருந்த சிரிப்பை மாற்றாமலே, "வேலாண்டி" என்றார்.

நான் கம்பளத்தின்மேல் ஓடினேன், செருப்பு எங்கே போனதென்று தெரியாது. பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி, அவருடைய கையையும் வேரையும் சேர்த்து அழுத்தி மூடினேன். மண்ணுக்குள் அவருடைய விரல்கள் எங்கே முடிகின்றன, வேர் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒரே குளிர்ச்சி. வேலாண்டி துணைவேந்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கரிசல் மண் பாளம் பாளமாக இருந்தது; காய்ந்த மண்ணில் வேர் பிடிக்காது என்பதற்குத் தாவரவியல் படிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ரிப்பன் கட்டிய பூவாளி இருந்தது. எட்டித் தூக்கினேன், எடையே இல்லை. கம்பளம் நனைந்துவிடும் என்று அதில் தண்ணீர் ஊற்றுவதே இல்லையாம், பிடித்துக்கொண்டு படம் எடுப்பதற்கு மட்டும்தானாம்.

"தண்ணி வேணும்" என்றேன்.

என் கையை எடுத்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள், நான் போக முடியாது. நிமிர்ந்து பார்த்தேன். ஸ்வெட்டர்களும் குல்லாய்களும் வரிசை வரிசையாக நின்றன. டெல்லிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிலோஃபர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிரமிளா தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள், அவர் பதிவாளரின் முகத்தைப் பார்த்தார், பதிவாளர் துணைவேந்தரின் முகத்தைப் பார்த்தார், துணைவேந்தர் மேலே பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரின் தலை கனத்துக்கொண்டே வந்தது. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரமிளா" என்றேன். "நிலோஃபர். ஒரு சொம்பு போதும்மா. யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்களேன்."